இலைக்குள் குடிபுகுந்தோர்

1869-ஆம் ஆண்டில், ஊவா மலைப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமையில், ஒரு கோப்பித் தோட்டத்து இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறமான பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்; காற்றடித்தால் பறக்கும். பொடி படிந்த இலை சில வாரங்களில் உதிர்ந்துவிடும். தோட்டத்துரைமார் பலர் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. இலை உதிர்ந்த செடி மறுபடி தளிர்த்தது. அடுத்த பருவத்தில் காயும் காய்த்தது. பின் அஞ்சுவானேன் என்று இருந்துவிட்டனர்.

பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் என்பார் அவ்வாறு இருந்துவிடவில்லை. நோயுற்ற இலைகளைப் பக்குவமாக உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டவர் பெர்க்லி என்னும் பாதிரியார். அயர்லாந்து நாட்டைப் பஞ்சத்தில் ஆழ்த்திய உருளைக்கிழங்கு நோய்க்கு ஒரு நுண்ணிய பங்கசே காரணம் என்று, பிறர் நம்பாத காலத்தில் வாதாடியவர் அவர். (பூஞ்சணம், பூசணம் என்று தமிழகத்தார் வழங்குவதையே இலங்கைப் பாடநூல்கள் பங்கசு என்கின்றன.) கோப்பி இலையின் பொடியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கிய பெர்க்லி, அது பங்கசின் வித்திகளின் குவியல் எனக் கண்டார். ஒவ்வொரு வித்தியும் ஒருபுறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் சிறு முட்கள் நிறைந்தும் இருந்தது. ஆகவே பாதி வழுவழுப்பானது என்று பொருள்படும் 'ஹெமிலியா' என்ற பெயரையும், பாழாக்குவது என்று பொருள்படும் 'வாஸ்டாட்ரிக்ஸ்' என்ற அடைமொழியையும் அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே அதற்குச் சூட்டினர். துரைமார் அப்பெயரைச் சிதைத்து 'நாசக்கார எமிலி' என்று வேடிக்கையாக வழங்கினராம். வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை.

அக்காலத்து மலைநாடு கோப்பியின் நாடாக இருந்தது. 1878-ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 275,000 ஏக்கர் நிலத்தில் கோப்பி பயிராகி நின்றது. நல்ல ஆண்டுகளில் 10 இலட்சம் அந்தர் அளவுக்குக் கோப்பி கப்பலேறிற்று. அதனைப் பறித்த கைகள் தமிழகத்திலிருந்து வந்தவை. மன்னார்க் கரையில் இறங்கி, நீரும் நிழலும் அரிதான காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளை வரை நடந்து, கங்காணியின் பின்னே மலையேறி வந்த மக்கள், அறுவடை முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பிவிடுவர். மலைநாட்டில் அவர்களுடைய வாழ்வு பருவ வாழ்வு. வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர்கள் எத்தனையோ பேர். இவ்வரலாற்றில் அவர்களை மறந்துவிட்டு இலையைப் பற்றி மட்டும் பேசுவது பொருந்தாது. ஏனெனில் அந்த இலைக்குள் நடந்தது அவர்களுடைய தலைமுறைகளையே இடம் மாற்றி வைத்தது.

நோய் ஆண்டுக்காண்டு வலுத்தது. ஒரே ஆண்டில் செடி இருமுறை மும்முறை இலையிழந்தது. இலையற்ற கொம்பில் காய் எங்ஙனம் முற்றும்? மண் களைத்துவிட்டது என்றனர் சிலர். எரு போதவில்லை என்றனர் வேறு சிலர். மழையின் கோளாறு என்றும், செடியின் சாற்றிலேயே நோய் ஊறிக் கிடந்து உரிய காலத்தில் வெளிப்படுகிறது என்றும் பலவாறு பேசினர். சாற்றிலேயே ஊறியது என்றால் வெளியிலிருந்து மருந்திட்டுப் பயனில்லை. காற்றில் வருவது என்றால் தடுக்க வழியுண்டு. பேராதனையில் துணைத் தலைவராயிருந்த மாரிஸ் என்பார் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த தூளை இலைகளில் தூவிப் பார்த்தார். ஓரளவு பயன் தெரிந்தது; ஆனால் ஏன் பயன்பட்டது, ஏன் பிறகு தவறிற்று என்பது விளங்கவில்லை. நோய் எங்கே வாழ்கிறது என்று அறியாமல் மருந்திடுவது, கள்வன் வீட்டினுள்ளே இருக்கிறானா தெருவிலே இருக்கிறானா என்று தெரியாமல் கதவைப் பூட்டுவது போன்றதே.

ஐரோப்பாவில் இவ்வாராய்ச்சி அப்போதுதான் முளைவிட்டிருந்தது. செருமானிய அறிஞர் டி பாரி என்பார், தாவரத்தின் உடலுக்குள்ளே புகுந்து வாழும் பங்கசுகளுக்கு 1866-ஆம் ஆண்டில் ஒரு பொதுப்பெயர் அமைத்திருந்தார். தமிழில் அதனை உள்வாழ் பங்கசு எனலாம். நோய் செய்வதாயினும் செய்யாததாயினும், உள்ளே வாழ்வது யாவும் அவர் கருத்தில் அப்பெயருக்கு உரியது. இந்த ஆராய்ச்சிமுறையில் பயின்ற இளைஞர் ஒருவர், மார்ஷல் வார்டு என்பார், 1880-ஆம் ஆண்டில் இரண்டாண்டுப் பணிக்காக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

வார்டு செய்தவை எளிய சோதனைகள். கண்ணாடித் துண்டுகளில் பசையுள்ள கிளிசரினைத் தடவித் தோட்டங்களிலே தொங்கவிட்டார். சில நாட்களில் அவற்றை எடுத்து நோக்கியபோது, பறந்துவந்த செம்மஞ்சள் வித்திகள் அவற்றில் ஒட்டியிருந்தன. நோய் காற்றில் வருகிறது என்பதற்குக் கண்கண்ட சான்று கிடைத்துவிட்டது. பின்னர் நோயற்ற செடியின் இலையில் வித்திகளைத் தாமே விதைத்தார். உலர்ந்த இலையில் அவை வாளா கிடந்தன. நீர்த்துளி இருந்த இடத்தில் முளைத்தன. முளையிலிருந்து எழுந்த மெல்லிய இழை இலையின் அடிப்புறத்தே ஊர்ந்து சென்று, இலை மூச்சுவிடும் நுண்ணிய துளைகளாகிய இலைவாய்களில் ஒன்றைக் கண்டதும் அதனுள் நுழைந்தது. நுழைந்த பின் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இழைகள் கலத்துக்கும் கலத்துக்கும் இடையே கிளைத்துப் படர்ந்து, கலங்களுக்குள் சிறு உறிஞ்சிகளைச் செலுத்தி, செடி தனக்கென்று சமைத்த உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இலை பசுமையாகவே இருக்கும். சில வாரங்களுக்குப் பின்னரே மஞ்சட் புள்ளி தோன்றி, பங்கசு அதே இலைவாய்கள் வழியாகத் தன் வித்திகளை வெளியே தள்ளும்.

இதனால் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. நோய் செடியின் பிறவியோடு வந்ததன்று. ஒவ்வோர் இலைக்கும் வெளியிலிருந்து புதிதாக வருவது. ஆனால் பொடியைக் கண்ட பின் தூளைத் தூவுவது காலங்கடந்த செயல். பகை உள்ளே குடியேறி விட்ட பிறகு மேற்பூச்சு அதனை எட்டாது. வித்தி முளைக்குமுன் இலையின்மேல் காவல் இருக்கவேண்டும். இன்றைய பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படைகளில் ஒன்று இவ்வாறு மலைநாட்டுக் கோப்பி இலையிலே கண்டறியப்பட்டது. மலை மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பெருவழி அமைத்துக் கொடுத்தது என்பதையும் வார்டு சுட்டிக்காட்டினார். காட்டு மரங்களின் வரிசை இடையே நின்றிருந்தால் வித்திகளைக் காற்று இவ்வளவு எளிதிற் சுமந்திராது. ஆனால் பரிகாரம் கேட்ட துரைமாருக்கு அவர் கொடுத்தது விளக்கமே. 1882-இல் பணிக்காலம் முடிந்து அவர் நாடு திரும்பினார்.

செம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்தோக் கலவை பிரான்ஸ் நாட்டில் திராட்சைக்கென்று 1885-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வார்டு புறப்பட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. காவலுக்கு ஏற்ற மருந்து இதுவே; ஆயினும் மலைநாட்டுக் கோப்பியை அது காக்க வரவில்லை. 1884-இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, பல காடாயின. பட்டுப்போன கோப்பி மரங்களின் தண்டுகள் தேநீர் மேசைகளுக்குக் கால்களாகச் சீமைக்கு அனுப்பப்பட்டன என்று ஒரு செய்தி அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. இடையிலே சிங்கோனா நட்டுப் பார்த்தனர். எல்லோரும் ஒருங்கே நட்டதால் அதன் விலை சரிந்தது. 1890-களில் கோப்பி ஏற்றுமதி பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

எஞ்சியது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867-ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டிருந்தார். நூற்றாண்டு முடிவதற்குள் அது மூன்று இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவிற்று. கோப்பி ஆண்டில் ஒரு பருவம் ஆள் கேட்பது. தேயிலையோ வாரந்தோறும் கொழுந்து பறிக்க ஆள் கேட்பது. பெண்களின் கைகளே அதற்கு வேண்டியிருந்தன. குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களில் தங்கினர். குழந்தைகள் அங்கே பிறந்தனர். முன்னோர் அங்கே புதைக்கப்பட்டனர். பருவத்துக்கு வந்து போனவர்கள் நிலையான குடிகளானமைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் முதல்வரிசையில் வைக்கத்தக்கது கோப்பி இலைக்குள் புகுந்த அந்த இழை. அவ்வாறு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைக் குடிகளல்லர் என்று 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தள்ளிவைத்தது பிற்காலத்துக் கொடுமை. அக்குறை முற்றும் நீங்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

கோப்பியின் கதை மறக்கப்படவில்லை. தேயிலைக்கும் அவ்வாறு நேர்ந்தால் என் செய்வது என்னும் அச்சம் தோட்டத்துறையினரிடம் இருந்துகொண்டேயிருந்தது. அரசாங்கப் பங்கசு நூலறிஞராயிருந்த பெட்ச் என்பார் தேயிலைச் செடியின் நோய்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1923-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1925-இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, முதலில் நுவரெலியாவிலும் பின்னர் தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்திலும் இயங்கலாயிற்று. பெட்ச் அதன் முதல் தலைவரானார்.

இங்கே விளங்கத் தொடங்கிய ஒன்று, கோப்பித் துருவைப் போன்ற வெளிப்படையான பகைமையிலிருந்து வேறுபட்டது. தேயிலையின் தண்டிலும் வேரிலும் போட்ரியோடிப்ளோடியா என்னும் ஒரு பங்கசு காணப்படும். திடமான செடியில் அதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. கவாத்து வெட்டி இலை முழுவதும் நீங்கிய பின், வேரிலே சேமித்த மாச்சத்தும் இல்லாத செடியில் அது மூண்டெழுந்து செடியைக் கொன்றுவிடும். நிலையத்தின் பங்கசு அறிஞர் காட் என்பார் வேரின் மாச்சத்துக்கும் கவாத்துக்குப் பின் செடி சாவதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். குளிர்ந்த உயர்மலையில் வேரில் மாச்சத்து தாராளமாகச் சேரும். வெப்பமான தாழ்ந்த தோட்டங்களில் குறையும். அதனால்தான் கவாத்துக்கு முன் வேரைக் கீறி அயோடினைத் தடவிப் பார்க்கிறார்கள்: கருநீலம் தோன்றினால் வெட்டலாம், தோன்றாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். இங்கே பங்கசைக் கொல்ல யாரும் மருந்து தேடவில்லை. செடி வலுவோடு இருக்குமட்டும் உள்ளே இருப்பது அடங்கியிருக்கும் என்பதே அந்தப் பழக்கத்தின் கருத்து.

மற்றொரு பங்கசு இன்னும் விந்தையானது. இரண்டு மில்லிமீற்றரே நீளமுள்ள ஒரு கருவண்டு தேயிலைக் கொம்பைத் துளைத்து உள்ளே வளைய வளையச் சுரங்கம் அமைக்கும். கொழுந்து பறிப்பவரின் கை பட்டவுடன் கொம்பு ஒடிந்து விழும். மலைநாட்டின் நடுத்தர உயரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இது பெருந்தொல்லை. வண்டு மரத்தைத் தின்கிறது என்றே பார்ப்பவர் நினைப்பர். உண்மையில் அது மரத்தைத் தின்பதில்லை. தாய்வண்டு தன் வாயருகேயுள்ள சிறு பையில் ஒரு பங்கசின் வித்திகளைச் சுமந்து வருகிறது. சுரங்கத்தின் சுவரில் அவற்றை விதைக்கிறது. வளரும் பங்கசே குஞ்சுகளுக்கு உணவு. செடிக்குள் ஒரு வயல், அதற்கு ஓர் உழவன்! காட், லூஸ் என்னும் இருவரும் 1947-இல் இந்தப் பங்கசை விவரித்து, தேவர் உணவின் கிரேக்கப் பெயரால் அதனை 'அம்புரோசியம்' என்றழைத்தனர். தேயிலையில் அது செடியை நேரே கொல்வதில்லை. ஆனால் இவ்வண்டின் நெருங்கிய இனமொன்று, தன் பங்கசையும் சுமந்துகொண்டு, 2000-ஆம் ஆண்டுக்குப் பின் இஸ்ரேலின் வெண்ணெய்ப்பழத் தோட்டங்களிலும் கலிபோர்னியாவின் சாலை மரங்களிலும் தோன்றியபோது, அங்கே கிளைகள் வாடி மரங்கள் மாண்டன. தன் நாட்டில் அளவோடு இருந்தது, பழகாத மரத்தில் அளவு மீறிற்று.

அஞ்சியது 1946-இல் வந்தது. அசாமில் 1868-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்த கொப்புள நோய், அவ்வாண்டு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவிற்று. இளங்கொழுந்தில் முதலில் ஒளி ஊடுருவும் ஒரு சிறு புள்ளி தோன்றும். அது விரிந்து, இலையின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்பொடி போர்த்த கொப்புளமாக வீங்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் மாதக்கணக்காக மூடுபனியும் தூறலும் நீங்காத பருவத்தில் இதற்கு எவ்வித இடையூறும் இல்லை. கவாத்துக்குப் பின் துளிர்க்கும் செடிகள் கருகின. 1869 மறுபடியும் வந்துவிட்டது என்று பலர் எண்ணினர்.

ஆனால் இம்முறை பகையின் இயல்பு முன்பே தெரிந்திருந்தது. வார்டு வகுத்த நெறியே கைகொடுத்தது: வித்தி முளைக்குமுன் இலைமேல் காவல். அவர் காலத்தில் இல்லாத செம்பு மருந்து இப்போது இருந்தது. முதுகிலே மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, வழுக்கும் சரிவுகளில் மழையில் ஏறியிறங்கி அதனைத் தெளித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். கோப்பியோடு போனதுபோலத் தேயிலையும் போகாமல் நின்றதற்கு அவர்களுடைய உழைப்பே பெரிதும் காரணம். இதனை நோய்நூல்கள் அவ்வளவாகக் கூறுவதில்லை. நிழல்மரங்கள் குறைக்கப்பட்டன. துளிர்க்கும் காலம் வறண்ட மாதங்களில் அமையுமாறு கவாத்து மாற்றப்பட்டது.

எந்நேரமும் மருந்து தெளித்தல் செலவு மிகுந்தது. எப்போது தெளிப்பது, எப்போது விடுவது? இதற்கு விடை தேடிய விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் என்னும் மூவரும் 1961-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெயிலுக்கும் மழைக்கும் நோய்க்கும் உள்ள உறவை அளந்து காட்டினர். வெயில் நாளொன்றுக்குச் சில மணி நேரம் காய்ந்தாலே மென்மையான வித்திகள் மாய்ந்துவிடும். இலை ஈரமாகவே இருந்தால் புகுந்துவிடும். வெயில் மணியை எண்ணித் தெளிப்பு நாளைக் குறிக்கும் முறை இதிலிருந்து எழுந்தது. சண்முகநாதனோடு சேர்ந்து 1960-களின் நடுவில் இந்நோயை ஆராய்ந்த ஆலன் கெர் என்பார் பின்னர் ஆஸ்திரேலியா சென்று, தீங்கற்ற ஒரு நுண்ணுயிரை முன்கூட்டியே நாற்றின் வேரில் குடியேற்றி, அதன் இனத்தைச் சேர்ந்த தீய நுண்ணுயிரை விலக்கும் முறையைக் கண்டு புகழ்பெற்றார். அது பங்கசு அன்று, பாக்டீரியா. எனினும் இடத்தை நல்லவன் பிடித்துக்கொண்டால் கெட்டவனுக்கு இடமில்லை என்னும் அக்கருத்து, பங்கசுகளுக்கும் பொருந்துமா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது.

விடை கோப்பியிலும் தேயிலையிலும் அன்றி வேறு பயிர்களில் முதலில் கிடைத்தது. வெள்ளரி இனத்தைத் தாக்கும் கொலட்டோட்ரைக்கம் என்னும் பங்கசில் ஒரேயொரு மரபுக்கூற்று மாற்றம் நேர்ந்தபோது, நோய் செய்யும் தன்மை நீங்கி அது செடிக்குள் அமைதியாக வாழ்ந்ததோடு, நோய் செய்யும் தன் உடன்பிறப்பிடமிருந்து செடியைக் காத்ததையும் பிரீமன், ரொட்ரிகஸ் என்பார் 1993-இல் காட்டினர். 2003-இல் பனாமாவில் எலிசபெத் ஆர்னால்டும் துணைவரும் கொக்கோச் செடியைக் கொண்டு நடத்திய சோதனை இதைவிட இயற்கையை ஒட்டியது. முளைத்த இளவிலைகளில் பங்கசு எதுவும் பெரும்பாலும் இல்லை. நாளாக ஆக, காற்றிலும் மழையிலும் வரும் வித்திகள் புகுந்து, முற்றிய இலைக்குள் பலவகைப் பங்கசுகள் நோய்க்குறி எதுவுமின்றி வாழ்கின்றன. அவற்றைச் சில இலைகளில் குடியேற்றி, சிலவற்றை வெறுமையாக விட்டு, பின்னர் அழுகல் நோயைப் புகுத்தினர். குடியிருந்த இலைகள் குறைவாகவே சேதமடைந்தன.

தேயிலையின் நிலையும் இதுதான். நோயற்ற முற்றிய இலையைப் பறித்து, மேற்புறத்தைச் சாராயத்தாலும் வெளுக்கும் நீராலும் கழுவித் தூய்மைப்படுத்தி, துண்டாக்கிக் கூழில் வைத்தால், வெட்டுவாயிலிருந்து சில நாட்களில் இழைகள் வெளிப்படுகின்றன. அவற்றுள் அடிக்கடி காணப்படுபவை கொலட்டோட்ரைக்கமும் பெஸ்டலோட்டியோப்சிசும். பெட்சின் காலத்தில் கபில நிற, சாம்பல் நிறக் கருகல் நோய்களுக்குக் காரணமென்று எழுதப்பட்ட இனங்களே இவை! ஆலங்கட்டி மழையோ கடும் வெயிலோ இலையைக் காயப்படுத்தும்போது அவை நோயாகின்றன. மற்ற நாட்களில் உள்ளேயே இருக்கின்றன. குடியிருப்பவன் எவன், பகைவன் எவன் என்று இலையைப் பிளந்து பார்த்தாலும் பெயரைக் கொண்டு சொல்லிவிட முடிவதில்லை. இவற்றுள் செடிக்குத் துணை நிற்பவற்றைப் பிரித்தெடுத்து நோய்க்கெதிராகப் பயன்படுத்தும் முயற்சி தேயிலை விளையும் நாடுகளில் நடைபெற்று வருகிறது. செம்பின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை.

கொப்புள நோய் பற்றுவது இத்தகைய குடிகள் இன்னும் புகாத இளங்கொழுந்தையே. அதனைக் கொண்டு, குடியின்மையால்தான் நோய் பற்றுகிறது என்று முடிவுகட்டுதல் தவறு. தளிரின் தோல் மென்மையானது என்பதே அதற்குப் போதிய காரணம். அன்றியும், புகுந்த வித்தி கொப்புளமாகி முற்றுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். கொழுந்தோ ஏழெட்டு நாளைக்கொரு முறை பறிக்கப்படுகிறது. ஆகையால், பெண்களின் விரல்கள் முறை தவறாமல் சுற்றிவரும் மலையில், பங்கசு வித்திடுமுன்னே இலை கூடைக்குப் போய்விடுகிறது. ஆள் பற்றாமல் பறிப்பு பின்தங்கும் மலையிலேதான் வெண்கொப்புளங்கள் முதிர்ந்து வெடித்து, பனிக்காற்றில் அடுத்த மலைக்குப் பறந்து செல்கின்றன.